பதினேழாம் நம்பர் டப்பா

"பதினேழாம் நம்பரை ஏம்மா மூணாவது தடவையா டெஸ்ட்டுல ஓட்டுறே?" டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார்.

ஆண் குழந்தையின் நஞ்சுக்கொடிக்கும் பெண் குழந்தையின் நஞ்சுக்கொடிக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்கும் ஆய்வுக்கூடம் அது. நஞ்சுக்கொடி வரும் டப்பாக்களில் தாயின் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான்.

"மூணு தடவையும் பெண்ணுன்னுதான் சார் வருது," என்றாள் லேப் டெக்னீஷியன்.

"வரும். வெட்டும்போது தாயோட சதை ஒட்டிக்கிட்டு வந்திருந்தா பெண்ணுன்னுதான் காட்டும். தாயும் பெண்தானே? லீவு முடிஞ்சு வந்ததுலேர்ந்து ஆள் மட்டும்தான் இங்கே இருக்கே."

"நல்லா கழுவித்தான் சார் வெட்டினேன்."

"மூணாம் மாசத்துல கலைஞ்சது. குழந்தையைப் பார்த்துச் சரிபார்க்கவும் வழியில்லை. தாயோட ரத்தம் இருந்தா ஒப்பிட்டுப் பார்த்து அடிச்சுச் சொல்லிடலாம். அந்த அம்மாவை இப்ப எங்கே போய்த் தேடுறது? தூக்கிப் போட்டுட்டு அடுத்ததை எடு."

அவள் எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். வெள்ளைக் கோட்டின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக் கையை நீட்டினாள்.

"தேட வேண்டாம் சார். எடுத்துக்கோங்க."