காசை வை, சொல்கிறேன்

நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது சோம். கூரைத் தகடு வாங்கவென்று தூய்ஷோன் அந்தப் பணத்தைச் சாகினிடம் கைமாற்றாக வாங்கிப் போய் ஏழு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து சாகின் வீட்டு வாசலை விட்டு ஓடைப் பக்கமாகத்தான் சுற்றிப் போவான்.

அப்படிப்பட்டவன் இன்று மத்தியானம் தானாகவே ஓடிவந்து கதவை இடித்தான். கால்பாக் தொப்பி தலையில் இல்லை, கையில் இருந்தது.

“அண்ணே! உங்க பையன் குபாத் விஷயமா வந்திருக்கேன். மொதல்ல காசை வைங்க, அப்புறம்தான் சொல்வேன்!”

சாகினுக்கு அந்தச் செய்திதான் ஞாபகம் வந்தது. தலைநகர் பிஷ்கெக்கில் பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு பெற்றவர்களிடம் பணம் பறிக்கிற கும்பலைப் பற்றி மூன்று நாளாகத் தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். உள்ளூரில் கடன்பட்ட ஆளைத்தான் தூது அனுப்புவார்களாம். குபாத்துக்கு பிஷ்கெக்கில்தான் வேலை.

செய்தி கேட்ட அன்றே வீட்டுப் போன்கள் இரண்டையும் அணைத்து மாவு மூட்டைக்குள் புதைத்துவிட்டார் சாகின். கும்பல் கூப்பிட்டால்தானே மிரட்ட முடியும்?

“குபாத் எங்கடா?”

“பிஷ்கெக்லதான். எங்க போவான்?”

“நல்லா இருக்கானா?”

“காலைலேர்ந்து அழுதுக்கிட்டே இருக்கான்.”

மகன் கேட்டபடி நல்ல அகலமாக, ஆனால் முழ நீளம் மட்டுமே உள்ள ஒரு மெத்தையைத் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி கலீமா, ஊசியும் கையுமாக ஓடிவந்தாள். “ஐயோ, எம்புள்ளைய என்னடா பண்ணீங்க?”

“நான் என்ன அண்ணி பண்ணேன்? பண்ணதெல்லாம் அவன்தான்.”

சாகின் வைக்கோல் அள்ளும் கவைக்கோலை எடுத்துவிட்டார். அதைக் காட்டியே தூய்ஷோனைப் பின்னால் நடக்க வைத்து, நிலக்கரிக் கொட்டகைக்குள் தள்ளித் தாழ் போட்டார்.

“இருபது வருஷப் பழக்கம்டா! எவ்வளவு வேணுமாம்?”

“உங்க மனசுக்குத் தோணுறதைக் குடுங்க. ஆட்டுக்குட்டியா இருந்தாலும் சரி.”

சாகின் குழம்பினார். ஆட்டுக்குட்டி வாங்குகிற கும்பலைப் பற்றிச் செய்தியில் ஒன்றும் சொல்லவில்லை.

“சொல்லித் தொலைடா!”

“வாங்காம சொல்லிட்டா அப்புறம் எவன் தருவான்? உசுரே போனாலும் சொல்ல மாட்டேன்!”

போனை எடுக்கச் சாகின் விடாததால், வட்டாரக் காவலர் ஏர்கினை அழைத்துவர கலீமா நேரிலேயே ஓடினாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்த ஏர்கின், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கொட்டகைக் கதவைத் தட்டினார்.

“தூய்ஷோன், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நல்ல சேதியா, கெட்ட சேதியா?”

தூய்ஷோன் உள்ளிருந்து கதவைத் திருப்பித் தட்டினான்.

“கெட்ட சேதிக்கு எவனாவது காசு கேப்பானா சார்? நம்ம ஊர்ல நல்ல சேதிக்குத்தானே கை நீட்டுவோம்! மூணு நாளா இவங்க போனே கெடைக்கலன்னு குபாத் எனக்குப் போட்டான். ஓடியாந்தா, கரிக்குள்ள தள்ளிட்டாங்க.”

கலீமாவின் கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது. “ஏங்க... மருமகளுக்கு இந்த வாரம்னுதானே சொன்னாங்க!”

சாகின் தாழை இழுத்தார். கரி அப்பிய முகத்தோடு வெளியே வந்தவனை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் சட்டையும் கறுத்துப் போனது.

“அந்த நாலாயிரத்து முந்நூத்தம்பதும் இனி இல்லடா. கடன் தீந்துது. ஏர்கின் தம்பிதான் சாட்சி. இப்பவாவது வாயைத் தொற!”

“பேத்தி, அண்ணே. ரெண்டரைக் கிலோ.”

சாகின் அழுதார். கலீமா அழுதுகொண்டே மாவு மூட்டையைக் கிளறப் போனாள். சாப்பாட்டை நினைத்து ஏர்கினும் கிளம்பினார்.

தூய்ஷோன் மட்டும் நகரவில்லை. கறுத்த உள்ளங்கையை மறுபடியும் நீட்டினான்.

“அதான் கழிச்சாச்சே, இன்னும் என்னடா?”

“அது மொதல்ல பொறந்தவளுக்கு, அண்ணே.”