லைலின் குழாய், ஓரினின் மூடி

பொழுதுபோக்காக ராக்கெட் விடுபவர்கள் கூடும் நெவாடாவின் வறண்ட ஏரிப்படுகை வெயிலில் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. போன மாதம் இறந்த லைலின் ராக்கெட் மோட்டார்க் குழாயை அவனுடைய பழைய காலுறையிலிருந்து உருவி நீட்டுகிறாள், மனைவி மார்வா. அவன் நண்பன் ஓரின் தன் சட்டைப்பையிலிருந்து அதன் மூடியை எடுக்கிறான். "வேற கம்பெனி மூடி வாங்கிக்கக் கூடாதான்னு கேட்டா, லைல் சிரிச்சே மழுப்பிடுவான்" என்கிறாள். "வேற மூடியோட மரை இதுல ஏறாது மார்வா. அதனாலதான் குழாய் அவன்கிட்ட, மூடி என்கிட்ட. சண்டை போட்டுக்கிட்டாலும், ராக்கெட் விடணும்னா அந்தக் கழுதை என்னைத் தேடி வந்துதானே ஆகணும்!" தூரத்தில் யாருடைய ராக்கெட்டோ சீறிக்கொண்டு வானேறுகிறது. ஓரின் அண்ணாந்து பார்க்கவில்லை. ரப்பர் வளையத்தில் கிரீஸ் தடவி, மூடியைப் பொருத்துகிறான். கடைசிச் சுற்று இறுக எப்போதும் இரண்டு பேர் வேண்டும். மூடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, பழக்கத்தில், குழாயின் மறுமுனையை லைல் நிற்கும் வலப்பக்கம் நீட்டுகிறான். மார்வா நிற்பது இடப்பக்கம். நீட்டிய குழாய் அந்தரத்தில் நிற்கிறது.