கணுக்கால் தழும்பு

மேசைமேல் சன்னல் வெளிச்சத்தில் பழைய ஓவியமொன்று கிடக்கிறது. அதில், இருபது வருடம் காணாமல்போய்த் திரும்பியவனின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, தழும்பை வைத்து மகனென்று கண்டுகொண்ட தாய் அழுகிறாள். அன்றே வீடும் நிலமும் அவனுக்கு வந்தன. “பெத்தவ கண்ணு தப்புப் பண்ணாதும்மா” என்கிறார் மேசையருகில் நிற்கும் அவனுடைய கொள்ளுப்பேரன். ஓவியங்களைச் சுத்தம் செய்கிறவள் ஈரப்பஞ்சை அந்தக் கணுக்கால்மேல் மெல்ல உருட்டுகிறாள். அழுக்கோடு தழும்பும் பஞ்சில் வந்துவிடுகிறது. அடியில் கீறலே இல்லாத தோல். “இது பிற்பாடு யாரோ வரைஞ்சது சார்.” அவர் தாயின் முகத்துக்குக் குனிகிறார். முன்பே அழுக்குத் துடைத்திருந்த அந்தக் கண்கள் கணுக்காலைப் பார்க்கவில்லை. யாராவது கவனிக்கிறார்களா என்று வாசலைப் பார்க்கின்றன. அவரும் வாசலைப் பார்க்கிறார். போய்க் கதவைச் சாத்துகிறார். “திரும்ப வரைஞ்சிடும்மா. கொஞ்சம் ஆழமாவே.”