டீச்சர் வீட்டுக் கல்யாணம்

“சுருதி எத்தனை கட்டை வைக்கணும்மா?”

“நாலரை தம்பி. யாராவது கேட்டா முழிக்காம சொல்லணும்னு டீச்சர் காலையிலயே சொல்லி அனுப்பிட்டாங்க.”

வயலின் வாசிக்க சித்தியவானிலிருந்து வந்திருந்த தனேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தான். ஈப்போ, புந்தோங் கோயில் மண்டபத்தில், மேடையை ஒட்டிய சிறிய அறை. எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த வீரம்மாவுக்கு அறுபத்தைந்து வயதாவது இருக்கும். தாலி கட்டி முடிந்ததும் ஒருவர் பாடுவார், கூட வாசித்தால் போதும் என்று மாப்பிள்ளை வீட்டார் அழைத்தபோது, பாடப்போவது கல்லூரிப் பெண் யாராவது என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

“ரொம்ப நாளா பாடுறீங்களாம்மா?”

“எங்க தம்பி, நாலு வருஷமாத்தான். நான் ரப்பர் எஸ்டேட்டுல பால்மரம் வெட்டுனவ. எஸ்டேட்ட மூடுனப்புறம் கையுறை ஃபேக்டரி. பாட்டுக்கும் எனக்கும் என்னலா சம்பந்தம்? டீச்சர்தான் பிடிச்சு உக்கார வச்சாங்க.”

“இந்த வயசுல எப்படி ஆசை வந்துச்சு?”

வீரம்மா புடவைத் தலைப்பை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

“ஆசையெல்லாம் இல்ல. எனக்கு ஒரே மகன். கோலா கங்சார் ரோட்டுல மோட்டார்ல போறப்ப லோரி இடிச்சு அங்கேயே போயிட்டான். அதுக்கப்புறம் நான் பேச்சையே விட்டுட்டேன். சோறு வச்சா திம்பேன். வைக்கலன்னா சுவத்தப் பாத்துக்கிட்டே இருப்பேன். ஒரு நாள் டீச்சர் சுருதிப் பெட்டியோட வந்து பக்கத்துல உக்காந்தாங்க. ‘பேச வேணாம், ஸான்னு மட்டும் சொல்லுங்க’ன்னாங்க.”

“சொன்னீங்களா?”

“அழுகதான் வந்துச்சு. டீச்சர் விடணுமே. ‘அழுங்க, ஆனா சுருதியோட அழுங்க’ன்னுட்டாங்க.”

தனேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீரம்மாவும் சிரித்தார்.

“அவ்வளவு கண்டிப்பா?”

“கேக்காதீங்க. குசினியில நான் முணுமுணுத்தாக்கூட உள்ளேருந்து குரல் வரும், ‘காந்தாரம் இறங்குது’ன்னு. ரசம் பொங்கி அடுப்பு அணைஞ்சாலும் பரவாயில்ல, காந்தாரம் இறங்கக் கூடாது அவங்களுக்கு.”

டீச்சர் வீட்டில் சமையலுக்கு இருந்துகொண்டே பாட்டும் கற்றுக்கொண்டிருக்கிறார் போலும் என்று அவன் எண்ணிக்கொண்டான்.

“டீச்சர் பேரு என்னம்மா? ஈப்போவுல பாட்டுச் சொல்லிக் குடுக்கறவங்க எல்லாரையும் எனக்குத் தெரியும்.”

“பேரச் சொல்லிக் கூப்புடுறத பாடம் ஆரம்பிச்ச அன்னைக்கே விட்டுட்டேன். இப்ப எனக்கு அவங்க டீச்சர்தான்.” அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். “தம்பி, ஒரு உதவி செய்யணும். இந்தப் பாட்டுல சரணம்தான் எனக்கு சுசா, ரொம்பக் கஷ்டம். அங்க வந்தாலே தொண்ட அடைச்சுக்கும். ஒரு தடவகூட முழுசாப் பாடுனது இல்ல. நான் நின்னுட்டா நீங்க நிக்காதீங்க. எப்படியாவது வந்து சேந்துக்கிறேன்.”

“நான் பாத்துக்கிறேன்மா. நின்னாலும் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.”

“டீச்சர் தாங்க மாட்டாங்க. இன்னைக்கு அவங்க வீட்டுக் கல்யாணம், அவங்க சிரிச்ச மொகமா இருக்கணும். என்னால வேற என்ன செய்ய முடியும் சொல்லுங்க? அவங்க குடுத்தத அவங்க முன்னால முழுசாப் பாடிக் காட்டணும், அவ்வளவுதான்.”

கெட்டிமேளம் முழங்கி ஓய்ந்தது. இருவரும் மேடையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

ஆனந்த பைரவி. குரல் கரகரத்தாலும் சுருதி பிசகவில்லை. வாசித்துக்கொண்டே தனேஸ்வரன் டீச்சரைத் தேடினான். முன்வரிசையில் கடுகு நிறப் பட்டுப்புடவையில் ஓர் அம்மாள் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அம்மா என்று காலையில் யாரோ காட்டியிருந்தார்கள். டீச்சர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

சரணம் வந்தது. வீரம்மாவின் குரல் நின்றுவிட்டது.

தனேஸ்வரன் நிறுத்தாமல் வாசித்தான். ஒரு சுற்று முடிந்தது. வீரம்மாவின் உதடு மட்டும் அசைந்தது. கடுகு நிறப் புடவை அம்மாளோ பக்கத்தில் இருந்தவரிடம் பந்தியைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். சிஷ்யை இப்படித் தவிக்கும்போது என்ன டீச்சர் இவர் என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது.

அப்போது அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்த வரி எழுந்தது. மெல்லிய குரல், துளி அசைவில்லாத சுருதி. திரும்பிப் பார்த்தான். மாலையும் கழுத்துமாக மணையில் உட்கார்ந்திருந்த மணப்பெண் பிரமிளாதான் பாடினாள். அவள் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வீரம்மா அந்தக் குரலோடு சேர்ந்தார். பிறகு பிரமிளா விட்டுக்கொடுக்க, கடைசி வரியைத் தனியாகப் பாடி முடித்தார்.

கைதட்டல் அடங்குமுன் பிரமிளா மணையிலிருந்து எழுந்து வந்து வீரம்மாவின் காலைத் தொட்டாள். வீரம்மா பதறிப்போய் அவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டார்.

“டீச்சர் பொண்ணும் நல்லாப் பாடுறாங்களேம்மா” என்றான் தனேஸ்வரன்.

“பொண்ணு இல்ல தம்பி, இவங்கதான் டீச்சர்” என்றார் வீரம்மா. “என் மகனக் கட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வந்த மருமக. இந்த மாப்பிள்ளையக் காம்பார் வரைக்கும் போயி நான்தான் பாத்து முடிச்சேன்.”