மூணு குரல் பாட்டு

“மூணு குரல் பாட்டு வேணாம்க்கா, சொன்னா கேளு. எல்லாரும் ஒண்ணா ஒரே மெட்டுல பாடற மாதிரி எதையாவது எடு.”

“நீ பியானோவ வாசி, போதும். பாட்டு எடுக்கறது என் வேலை.”

ஒத்திகை அறையின் மூடிய கதவுக்கு வெளியே, பெண்கள் பாட்டுக்குழுவின் பன்னிரண்டு பேரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சரின் குரல் பாதி காற்றாகத்தான் வந்தது.

“தம்பிகிட்ட கத்திக் கத்தியே தொண்டை போச்சு பாரு,” என்றார் பேக்கரியம்மா.

உள்ளே தம்பி விடவில்லை. “வியாழக்கிழமை கிளப் கமிட்டி வந்து கேக்கப் போறாங்க. பிடிக்கலன்னா இந்த ரூமை டேபிள் டென்னிசுக்குக் குடுத்துடுவாங்க. இப்பப் போய் விஷப்பரீட்சை எதுக்கு?”

“ஒரே மெட்டுல பாடினா ஸ்கூல் பிரேயர் மாதிரி இருக்கும். இதுக்கு எதுக்கு தனியா ரூம்னு கேப்பாங்க. அப்புறம் நாம தெருவுலதான் நின்னு பாடணும்.”

“டாக்டர் வேற உன்னை பத்து நாள் பாடக்கூடாதுன்னுட்டார். எப்பவும் எதிர்ல நின்னு கூடவே பாடுவ. இந்தத் தடவை கையை மட்டும்தான் வீச முடியும்.”

“நான் பாடாட்டி என்னடா? பாட பன்னெண்டு பேர் இருக்காங்க. மேல நாலு, நடுவுல நாலு, கீழ நாலு. எட்டு வருஷமா நான் தேய்ச்சு எடுத்த குரலுங்க.”

கதவு திறந்தது. ஜெராக்ஸ் சூடு ஆறாத தாள்களை டீச்சரே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். முதலில் கீழ்க்குரல் நால்வர் மட்டும் தொடங்க வேண்டும். அதன் மேல் நடுக்குரல், அதற்கும் மேல் மேல்குரல் என்று ஏறிப் போகும் பாட்டு.

தம்பி பியானோவில் நாலு அடி வாசித்தார். டீச்சரின் கை இறங்கியது.

பியானோ மட்டும் கேட்டது.

“என்ன, தூங்கிட்டீங்களா? மறுபடி.”

மறுபடியும் அதேதான். நால்வரின் உதடுகளும் ஒன்றுபோல, அழகாக அசைந்தன. சத்தம் வரவில்லை.

“பேக்கரியம்மா, குரல் எங்க?”

“நீங்கதானே டீச்சர் வாயை மட்டும் அசைக்கச் சொன்னீங்க? முதல் போட்டி அன்னைக்கு. என் குரல் தனியாத் தெரியுது, மத்தவங்க பாத்துப்பாங்கன்னு சொன்னீங்க.”

“அது அந்த ஒரு நாளைக்குச் சொன்னதும்மா.”

“அப்புறம் பாடுன்னு சொல்லவே இல்லையே டீச்சர்.”

பக்கத்தில் நின்ற தையல்காரம்மா திரும்பினார். “உங்ககிட்டயும் சொன்னாங்களா? நான் எனக்கு மட்டும்தான்னு நினைச்சு வெளியில மூச்சு விடல.” கீழ்க்குரலின் மற்ற இருவரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

டீச்சர் நடு வரிசையைப் பார்த்தார். அங்கே நாலு முகமும் தாளுக்குப் பின்னால் போயின. மேல் வரிசையில் நர்ஸ் மட்டும் வகுப்பில் கேள்வி கேட்பது போலக் கையைத் தூக்கினார்.

“எனக்கு ஆறு வருஷமாச்சு டீச்சர். இவங்க மூணு பேரும் எனக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க.”

டீச்சர் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். “அப்போ இத்தனை வருஷமா என் காதுல விழுந்தது?”

தம்பி பியானோ மூடியை மெல்லச் சாத்தினார்.

“உன் குரல்தான்க்கா.”

வியாழனுக்கு இன்னும் நாலே நாள். வருடக்கணக்கில் வாயை மட்டும் அசைத்த பன்னிரண்டு பேர் அதற்குள் பாடக்கூடிய பாட்டு ஏதாவது இந்தப் பதிவைப் படிக்கும் உங்களுக்குத் தெரிந்தால், தயவுசெய்து கீழே பதில் போடுங்கள்.