சத்தம் வராத வளையல்

பயம் வந்தால் மரகதவல்லியின் தங்கை டாக்டரிடம் ஓடுவாள். மரகதவல்லி கடைக்குப் போவாள். முழங்கால் வலித்தபோது புதுச் செருப்பு வாங்கினாள். இப்போது வளையல் கடையில் நிற்கிறாள். கொஞ்ச நாளாக அவளுடைய வலது கை சும்மா இருக்கும்போதும் நடுங்குகிறது. கண்ணாடி வளையல்கள் தாமாகக் குலுங்குகின்றன. நேற்று கணவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, “யாருக்குடி தாளம் போடுற?” என்று சிரித்தார். அவளும் சிரித்தபடி கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். வளையலைக் கழற்றிவிட்டு வெறுங்கையோடு அவர் முன் நிற்கவும் முடியாது.

“ஒரு சைஸ் சின்னதா குடுங்க பாய். சத்தமே வரக் கூடாது.”

“சத்தத்துக்குத்தானேம்மா வளையலே போடுறது?” என்றார் கடைக்காரர்.

“வீட்ல குழந்தை தூங்குது.”

வீட்டில் குழந்தை யாரும் இல்லை.

அவர் சோப்பு நுரை தடவி, விரல்களை அமுக்கிப் பிடித்து, ஒவ்வொன்றாக ஏற்றினார். கடைசி வளையல் ஏறும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கையைத் தூக்கிப் பார்த்தாள். வளையல்கள் சதையைக் கவ்விக்கொண்டு அசையாமல் இருந்தன. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. பணம் எடுக்க இடது கையால் பையைத் துழாவிக்கொண்டே, வலது கையை மேசைமேல் ஊன்றினாள்.

மேசைமேல் கம்பியில் கோத்திருந்த வளையல்கள் எல்லாம் மெல்ல ஒலிக்கத் தொடங்கின.

“லாரி ஏதும் போகுதா?” என்று கடைக்காரர் நிமிர்ந்தார்.

“பெரிய லாரி பாய்” என்றாள் மரகதவல்லி, காலியாகக் கிடந்த தெருவைப் பார்த்தபடி.