ஜன்னல் சீட்டு

"தள்ளி உக்காரு சீனி, இது என் ஜன்னல்."

"உன் பேரா எழுதியிருக்கு, குருவக்கா? நேத்தும் நீதான உக்காந்த."

ஒருகாலத்தில் பெண்கள் மடிமேல் மடியாக ஏறிப்போன தீப்பெட்டி ஆபீஸ் வேனில் இப்போது இவர்கள் இருவர் மட்டும்தான். மற்ற ஜன்னல்களெல்லாம் காலியாக இருக்க, இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வேன் பூரா உங்களுக்குத்தான, வேற சீட்டே இல்லையா?" என்றார் டிரைவர்.

"நீரு ரோட்டப் பாரும்" என்றார்கள் சேர்ந்தாற்போல.

ஆபீஸ் வாசலில் வேன் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "நாளையிலருந்து ஒரு ஆள் போதுமாம். கூலியும் பாதிதானாம். யாருன்னு நீங்களே பேசி முடிக்கணுமாம், மொதலாளி சொல்லச் சொன்னாரு."

சீனித்தாய் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"சாயங்காலமும் ஜன்னல்ல நீயே உக்காந்துக்கக்கா. நாளையிலருந்து நான் வாரேனே?"